தள்ளு புல்வெட்டி எப்போது சாணை கேட்கிறது?

தள்ளு புல்வெட்டி ஒரு கத்தரிக்கோல்தான். வடிவம் மட்டும் வேறு. கத்தரிக்கோலின் ஓர் அலகு சுருளாக வளைந்து, உருளையாகிச் சுழல்கிறது. மற்றோர் அலகு தரையை ஒட்டி அசையாமல் கிடக்கிறது. புல்லின் இலை இரண்டுக்கும் நடுவே மாட்டும்போது துண்டாகிறது. ஆகவே இதன் கூர்மையைப் பற்றி யோசிக்கும்போது அரிவாளையோ கத்தியையோ மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். அரிவாள்மனைக்கு இருப்பது ஒரே விளிம்பு. மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டியதுதான். பாக்குவெட்டி அப்படியல்ல. அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் ஆணி தளர்ந்துவிட்டால் பாக்கு நழுவும், அல்லது நசுங்கும். கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மடித்துக் கடிக்கத் தொடங்கினால் தையற்காரர் முதலில் பார்ப்பது நடு ஆணியைத்தான். தள்ளு புல்வெட்டியிலும் கேள்வி இரண்டு: விளிம்புகள் கூராக இருக்கின்றனவா, அவை சரியாகச் சந்திக்கின்றனவா? சரியாக வெட்டாத புல்வெட்டிகள் பலவற்றில் கோளாறு இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் சாணைக்கு அனுப்புவதால் பணமும் போகிறது, எஃகும் தேய்கிறது.

இந்த அமைப்பு துணி ஆலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌடு நகரை அடுத்த த்ரப் என்ற ஊரில் எட்வின் பியர்ட் பட்டிங் என்ற பொறியாளர் இருந்தார். அந்த வட்டாரம் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த கம்பளியின் மேல் எழும்பி நிற்கும் நூலிழைகளைச் சீராகக் கத்தரிக்க, சுருள் தகடுகள் கொண்ட உருளை இயந்திரம் அங்கே வழக்கத்தில் இருந்தது. துணியின் மேல் ஓடுவதைத் தரையின் மேல் ஓட்டினால் என்ன என்று பட்டிங் யோசித்தார். 1830 ஆகஸ்ட் 31-இல் காப்புரிமை கிடைத்தது. 19 அங்குல அகலத்தில், வார்ப்பிரும்பும் தேனிரும்புமாகச் செய்த கனமான சாதனம் அது. தொழில் கூட்டாளி ஜான் ஃபெராபியின் வார்ப்படச் சாலையில் உருவானது. 1832-இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியது. பின்னர் பெரிய புல்வெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டுப் புல்தரை குழியாகாமல் இருக்க அவற்றின் கால்களுக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியும் வெட்டும் முறை மாறவில்லை. கிரிக்கெட் ஆடுகளங்களிலும் கோல்ஃப் மைதானங்களின் குழித்திடல்களிலும் இன்றைக்கு ஓடும் மோட்டார் புல்வெட்டிகளும் பட்டிங்கின் உருளையைத்தான் சுழற்றுகின்றன.

மோட்டாரில் கிடைமட்டமாகச் சுழலும் விசிறித் தகடு புல்வெட்டி வேறு குடும்பம். அது கத்தரிப்பதில்லை, அடித்து அறுக்கிறது. கீழே தாங்கல் எதுவும் இல்லாமல் நிற்கும் இலையை வெறும் வேகத்தால் துண்டிக்க வேண்டியிருப்பதால் தகட்டின் நுனி அசுர வேகத்தில் போகிறது. அமெரிக்கப் பாதுகாப்பு நெறி அதற்கு வைத்திருக்கும் மேல்வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது வினாடிக்குச் சுமார் 96 மீட்டர். தள்ளு புல்வெட்டியில் மனிதர் நடக்கும் வேகம்தான் மூலதனம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை ஐந்து முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், சாதாரண நடையில் தகட்டு விளிம்பின் வேகம் வினாடிக்கு மூன்று அல்லது நான்கு மீட்டர். இந்த மந்த வேகத்தில் புல் வெட்டுப்படுவதற்கு ஒரே காரணம், எதிரே இன்னொரு விளிம்பு உட்கார்ந்திருப்பதுதான். அந்த எதிர் விளிம்பு தலைமயிர் அளவு விலகினாலும் வெட்டு கெடும்.

பாகங்களின் பெயரை இங்கேயே சொல்லிவிடலாம். சுழல்வது உருளை, வீட்டுப் புல்வெட்டியில் பெரும்பாலும் ஐந்து தகடுகள், சிலவற்றில் நான்கு முதல் ஏழு வரை. அசையாமல் கிடப்பது அடித்தகடு. கடைக்காரர் பாட்டம் பிளேடு என்பார். உருளையின் தகடுகள் திருகு சுருளாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நேர்த்தகடாக இருந்தால் முழு நீளமும் ஒரே நொடியில் அடித்தகட்டில் மோதும். தள்ளுபவரின் கைக்கு ஒவ்வொரு மோதலும் உதையாக வரும். சுருளாக இருப்பதால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெட்டும் புள்ளி நகர்ந்துகொண்டே போகிறது, கத்தரிக்கோல் மூடுவதைப் போல. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்ய இரு முனைகளிலும் திருகுகள் இருக்கும். சில வகைகளில் அடித்தகடு நகரும், சிலவற்றில் உருளை. பழைய வகைகளில் தகடுகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு உரசும். புதிய வகைகள் சிலவற்றில் தொடுவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளி விட்டே ஓடும்.

விளிம்பு மழுங்குவதற்கு முதல் காரணம் மண். புல்லைத் தாழ்வாக வெட்டுகிறவர் மணலையும் சேர்த்தே வெட்டுகிறார். மணலில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவுகோலில் 7. தகட்டு எஃகு பொதுவாக அதற்குக் கீழே. புல்தரையைச் சமன்படுத்த மணல் தூவிய வாரத்தில் ஓட்டப்படும் புல்வெட்டி, சாதாரணமாகப் பல மாதங்களில் தேய்வதை அந்த ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும். புல்லின் இனமும் ஒரு காரணம். அருகம்புல்லைவிட, நர்சரிகளில் கொரியன் கிராஸ், மெக்சிகன் கிராஸ் என்று விற்கப்படும் சொய்சியா வகைகளின் இலை விறைப்பானது; அதை வெட்டும் தகடு சீக்கிரம் களைத்துப்போகும். கல், கம்பித் துண்டு, தண்ணீர்க் குழாயின் தலை, சுள்ளி இவையெல்லாம் மழுங்கச் செய்வதோடு நிற்பதில்லை, விளிம்பில் வடு போடுகின்றன. ஈரத்தோடு நிறுத்தி வைத்தால் துரு முதலில் பிடிக்கும் இடம் மெல்லிய விளிம்புதான்.

இவ்வளவும் வெளியிலிருந்து வரும் பகை. உள்ளிருந்து வருவது இறுக்கம். வெட்டு சரியில்லை என்றவுடன் திருகை இன்னும் கொஞ்சம் முடுக்குவது கைக்கு வரும் முதல் வேலை. முடுக்கினால் ஓரிரு வாரம் வெட்டவும் செய்யும். ஆனால் இரும்பும் இரும்பும் அழுந்தி உரசி இரண்டு விளிம்புகளையும் உருட்டிவிடும். பிறகு மறுபடி முடுக்க வேண்டியிருக்கும். வெட்டும்போது புல்லின் சாறு ஓரளவு எண்ணெய் போல வேலை செய்து உரசலைக் குறைக்கிறது. சிமெண்டுத் தளத்தின் மேலே உருளை சுழலச் சுழலத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தச் சாறும் இல்லை. புல்வெட்டியைக் குப்புறத் திருப்பி, உருளை சுழலாதபடி இழுத்துக்கொண்டு போவது பழைய தோட்டக்காரர்களின் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது.

மழுங்கலின் முதல் சாட்சி புல்லே. கூரான இரு விளிம்புகளுக்கு நடுவே போன இலையின் நுனி, காகிதத்தைக் கத்தரித்த மாதிரி நேராக இருக்கும். மழுங்கிய விளிம்பு இலையை நசுக்கி, இழுத்து, கிழிக்கும். புல் இலையில் நரம்புகள் நீளவாட்டில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. நரம்பைச் சுற்றியுள்ள மெத்தான திசு முதலில் நசுங்கிப் பிய்ந்துபோகும். நார்ப்பிடிப்புள்ள நரம்புகள் அறுபடாமல் வெளியே நூல் நூலாகத் தொங்கும். ரை புல் போன்ற குளிர்நாட்டு இனங்களில் இது வெறும் கண்ணுக்கே தெரியும். வெட்டிய தரையின் மேல் வெள்ளைப் பூச்சுப் படிந்தாற்போல இருக்கும். அருகம்புல்லின் இலை குறுகலானது. அதில் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வேண்டும்.

பார்க்க வேண்டிய நேரங்கள் இரண்டு. ஒன்று, வெட்டி முடித்த உடனே: பத்து இருபது இலைகளைப் பல இடங்களிலிருந்து கிள்ளி எடுத்து நுனியைக் கவனிப்பது. இரண்டாவது, ஒன்றிரண்டு நாள் கழித்து: கிழிந்த நுனி காய்ந்து வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ மாறியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுவதும் பச்சை வெளுத்து, தண்ணீர் காணாதது போலத் தோன்றும். சுத்தமாக வெட்டிய நுனியும் காயத்தான் செய்யும். அங்கே காய்வது மயிரிழை அகலம், கிழிந்ததில் காய்வது சில மில்லிமீட்டர். புல் அடியிலிருந்து வளர்வதால் நுனியில் பட்ட காயம் ஆறி மறைவதில்லை. அடுத்த வெட்டில் அது துண்டாகிப் போகும் வரை இலையின் உச்சியில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் தகட்டைச் சரிசெய்த மறுநாளே தரை பளிச்சென்று மாறவில்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஓரிரண்டு வெட்டுக்குப் பிறகே நிறம் தெளியும்.

பழுத்த நுனி எல்லாம் மழுங்கிய தகட்டின் வேலை என்று முடிவு கட்டுவதும் பிழை. உப்புத் தண்ணீர் பாய்ச்சிய தரையிலும், யூரியா அதிகமான தரையிலும், வறட்சியிலும், சில பூஞ்சை நோய்களிலும் இலை நுனி கருகும். பிரித்தறிய எளிய வழி, புல்வெட்டி போகாத இடத்தைப் பார்ப்பது: சுவரோரம், மரத்தடி, நடைபாதைக் கல்லின் இடுக்கு. அங்கே உள்ள இலைகளும் கருகியிருந்தால் தகட்டின் மேல் பழி இல்லை. நோயாலோ உப்பாலோ காய்ந்த இலை கூராகவே குறுகி முடிந்திருக்கும். வெட்டுப்பட்ட இலைக்கு அந்தக் கூர்முனை இருக்காது. கிழிந்த நுனியில் நார் தெரியும்.

தரையில் தெரியும் வடிவங்களில் இன்னும் சில செய்திகள் உண்டு. புல்வெட்டி போன திசையிலேயே ஒரு மெல்லிய கோடு வெட்டப்படாமல் நீண்டு போனால், அது அடித்தகட்டில் உள்ள வடு. அடித்தகட்டின் அந்தப் புள்ளியை எல்லாத் தகடுகளும் கடந்தாக வேண்டியிருப்பதால் அங்கே நிற்கும் புல் எந்தத் தகட்டுக்கும் சிக்குவதில்லை. உருளையின் ஒரு தகட்டில் மட்டும் வடு இருந்தால் தரையில் அவ்வளவாகத் தெரியாது. அந்தத் தகடு விட்டதை அடுத்த தகடு எடுத்துவிடும். ஒரு பக்கம் நன்றாக வெட்டி மறுபக்கம் விட்டுவிட்டுப் போனால் இடைவெளி ஒரு முனையில் கூடியிருக்கிறது. இதில் சாணைக்கு வேலையே இல்லை.

எல்லோரையும் ஏமாற்றுவது அலை. வெட்டிய தரையில் குறுக்கே வரி வரியாக, தகரக் கூரையின் மடிப்புகளைப் போல மேடு பள்ளம் தெரியும். தகடு மழுங்கிவிட்டது என்று நினைப்பார்கள். கணக்கு வேறு சொல்லும். மேலே எடுத்துக்கொண்ட உதாரணத்தில் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 78.5 சென்டிமீட்டர். அதற்குள் உருளை ஐந்து முறை சுழன்று, ஐந்து தகடுகளும் ஆளுக்கு ஐந்து வெட்டாக மொத்தம் 25 வெட்டு. ஆகவே ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே புல்வெட்டி 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே முன்னேறிவிடுகிறது. புல்லை 3 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுகிற வரை இது பொருந்தும். உயரத்தை ஒரு சென்டிமீட்டருக்கு இறக்கினால், இரண்டு வெட்டுக்கு நடுவே சாய்ந்து போகும் புல் வரியாக நின்றுவிடும். விளிம்பு சவரக்கத்தி போல இருந்தாலும் இந்த அலை மறையாது. கோல்ஃப் குழித்திடலுக்கான உருளைகளில் தகடுகளின் எண்ணிக்கை பத்துக்கும் மேலே போவது இதனால்தான். வீட்டுப் புல்வெட்டியைக் கொண்டு கிரிக்கெட் ஆடுகளம் செய்ய ஆசைப்படுகிறவர் சாணைக்காரரைக் குறைசொல்லக் கூடாது.

உயரமான புல்லும் இப்படிப்பட்ட வேடம் போடும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து தள்ளினால், உருளையின் முன்பக்கம் நீண்ட தாள்களை அமுக்கிச் சாய்த்துவிடும். அடித்தகட்டை அவை எட்டுவதே இல்லை. விதைக் கதிர்கள் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். பனியோ மழையோ ஈரமாக்கிய இலை தகட்டோடு ஒட்டிக்கொண்டு மடியும். சக்கரத்தின் ரப்பர் தேய்ந்து தரையில் வழுக்கினாலோ, சக்கரத்துக்குள் இருக்கும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ராட்செட் கொக்கி தேய்ந்து பல்லைப் பிடிக்காமல் தாவினாலோ உருளை அவ்வப்போது நின்றுவிடும். தரையில் திட்டுத் திட்டாகப் புல் நிற்கும். பின்னுக்கு இழுக்கும்போது கேட்கும் டக் டக் ஓசை ராட்செட்டின் இயல்பான ஓசைதான். முன்னுக்குத் தள்ளும்போதும் அது கேட்டால் கொக்கியைப் பார்க்க வேண்டும்.

கைக்கும் காதுக்கும் தெரிவது அடுத்தது. தொட்டு ஓடும் வகையில் சரியாக அமைந்த உருளை, சுழலும்போது மெல்லிய சீரான சரசரப்பு எழுப்பும். கரகரவென்று அரைக்கும் ஓசை இறுக்கத்தின் அடையாளம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை மட்டும் 'டிக்' என்று தட்டினால் ஒரு தகடு வளைந்திருக்கிறது, அல்லது கல் பட்டு ஓர் இடம் பிதுங்கியிருக்கிறது. தொடாமல் ஓடும் வகையில் ஓசை அநேகமாக இராது; அதில் உலோக உரசல் கேட்பதே கோளாறுக்கு அறிகுறி. தள்ளுவதற்குக் கூடுதல் பலம் தேவைப்படுவதும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருப்பதும் மழுங்கலின் நெடுங்கால அறிகுறிகள். ஆனால் இவை மெல்ல மெல்ல வருவதால் தினமும் தள்ளுகிறவருக்குப் புலப்படுவதில்லை. ஒரு நாள் வேறொருவர் வந்து தள்ளிப் பார்த்து, இதை எப்படித் தள்ளுகிறீர்கள் என்று கேட்பார்.

இனித் தகட்டையே பார்க்கலாம். அதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த சாறும் மண்ணும் தகட்டில் அப்பிக்கொண்டிருந்தால் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். தடித்த தோல் கையுறை கட்டாயம். ஒரு சக்கரத்தை லேசாகத் திருப்பினாலே உருளை முழுவதும் நகரும். அடித்தகட்டுப் பக்கம் விரல் இருந்தால் புல்லுக்கும் விரலுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. சிக்கிய சுள்ளியை எடுக்கும்போதும் குச்சியால் தள்ளுவதே நல்லது, ஏனென்றால் சுள்ளி விடுபட்டவுடன் உருளை தானாகவே ஒரு துள்ளு துள்ளும்.

சுத்தமான தகட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கூர்மை கண்ணுக்குத் தெரியும். கூரான விளிம்புக்கு அகலம் இல்லை. அதனால் அது ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. உருண்டுபோன விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு மழுங்கல். சமையலறைக் கத்திக்கும் இதே சோதனைதான். ஒரு வித்தியாசம் உண்டு: உருளைத் தகட்டின் வெளிமுகம் கத்தியைப் போலச் சரிவாக இராது. அடித்தகட்டை நோக்கி ஒரு சிறிய தட்டையான பட்டை இருக்கும். பட்டை மின்னுவது குறையல்ல. அடித்தகட்டை முதலில் சந்திக்கும் முன்மூலையில், அதாவது பட்டை தொடங்கும் ஓரத்தில் மின்னல் இருக்கிறதா என்பதே கேள்வி. அடித்தகட்டிலும் மேல்முகமும் முன்முகமும் சேரும் மூலையையே பார்க்க வேண்டும். விரல் நுனியை விளிம்புக்குக் குறுக்காக, ஒருபோதும் நீளவாட்டில் அல்லாமல், மெதுவாக நகர்த்தினால் கூரான மூலை தோலைப் பற்றும், மழுங்கிய மூலை வழவழவென்று நழுவவிடும்.

அடுத்து உருளையின் இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் நட் தளர்ந்திருக்கிறது. ஆடும் உருளைக்கு எந்த இடைவெளியும் நிலைக்காது. நிறுத்தி வைத்திருக்கும்போது சரியாகச் சந்திக்கும் தகடுகள், புல்லின் எதிர்ப்பு வந்தவுடன் விலகிவிடும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பேரிங்கின் கோளாறு, தரையில் மழுங்கலைப் போலவே காட்சி தரும். சாணை முடித்துத் திரும்பி வந்த புல்வெட்டி ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேரிங்கைத்தான்.

எல்லாவற்றிலும் நம்பகமானது செய்தித்தாள் சோதனை. செய்தித்தாளின் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். அதை இரண்டு விரல் அகலத்தில் நீள நீளமாகக் கிழித்து வைத்துக்கொண்டு, அடித்தகட்டின் விளிம்புக்கு எதிரே புல் நிற்கும் வாட்டத்தில் ஒரு துண்டைப் பிடிக்க வேண்டும். மற்றொரு கையால் சக்கரத்தை முன்னோக்கி, புல் வெட்டும்போது சுழலும் திசையிலேயே, மெதுவாகத் திருப்ப வேண்டும். காகிதம் சுத்தமாக அறுந்து விழ வேண்டும். ஐந்து தகடுகள் என்றால் ஒவ்வொன்றையும் இடமுனை, நடு, வலமுனை என்று மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். ஆகப் பதினைந்து வெட்டு. முதல் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தப்பாது. ஒரே இடத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

பதினைந்தும் வெட்டினால் தகடுகளில் குறையில்லை. காரணத்தைச் சக்கரத்திலோ புல்லிலோ தேட வேண்டும். இடப்பக்கம் வெட்டி வலப்பக்கம் மடிந்தால் இரண்டும் இணையாக இல்லை. எல்லாத் தகடுகளும் ஒரே இடத்தில் மட்டும் தோற்றால் அடித்தகட்டில் அந்த இடத்தில் வடு அல்லது பள்ளம். ஒரே தகடு மூன்று இடத்திலும் தோற்றால் அந்தத் தகடு மற்றவற்றைவிடக் குட்டையாகிவிட்டது, அல்லது வளைந்திருக்கிறது. நடுவில் வெட்டாமல் இரு முனையிலும் வெட்டினால் அடித்தகடு வளைந்திருக்கலாம், உருளையும் நடுவில் தேய்ந்திருக்கலாம்.

எங்குமே வெட்டாமல் காகிதம் மடிந்து உள்ளே போவதுதான் மிகச் சாதாரணமாகக் காணும் நிலை. இங்கே இரண்டு காரணங்களும் ஒரே முகத்தோடு நிற்கின்றன: இடைவெளி கூடியிருக்கலாம், விளிம்பு உருண்டிருக்கலாம். பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. இருபுறத் திருகுகளையும் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் முடுக்கி, ஒவ்வொரு தடவையும் காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். தகடுகள் தொட்டும் தொடாத நிலையிலேயே, உருளை தடையின்றிச் சுழலும்போதே காகிதம் அறுந்தால் குறை இடைவெளியில் மட்டும் இருந்தது, வேலை முடிந்தது. தகடுகள் உரசிக் கனக்கத் தொடங்கிய பிறகே அறுக்கிறது என்றால் விளிம்பு உண்மையில் மழுங்கியிருக்கிறது. கனத்த பிறகும் அறுக்காவிட்டால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சாணை வேண்டுமா என்ற கேள்விக்கு வீட்டில் இருந்தபடியே கிடைக்கும் நேரான பதில் இந்த ஒரு சோதனையில்தான் இருக்கிறது. தொடாமல் ஓடும் வகைக்கும் முறை இதுவே. அதில் தொட்டுவிடாமல், தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

மழுங்கல் உறுதியான பிறகும் எல்லா மழுங்கலும் ஒரே மருந்தைக் கேட்பதில்லை. மூலை லேசாக உருண்டிருந்தால் பேஸ்ட் தேய்ப்பே போதும். 80 முதல் 120 வரை கிரிட் எண்ணுள்ள சிலிக்கன் கார்பைடு பொடி கலந்த பசையைத் தகடுகளில் தடவி, உருளையை வெட்டும் திசைக்கு நேர் எதிராகச் சுழற்றும் முறை இது. மோட்டார் மெக்கானிக்குகள் என்ஜின் வால்வுக்குப் பயன்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட்டும் அதே இனம். பல வகைகளில் ஒரு சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் சிறு பல்சக்கரத்தின் இடத்தில் கைப்பிடியைப் பொருத்திச் சுழற்றலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உருளையும் அடித்தகடும் ஒன்றையொன்று தேய்த்து ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பசையைச் சுத்தமாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, திருகைச் சரிசெய்து, திரும்பவும் பதினைந்து காகித வெட்டு. தேய்க்கும்போது ஒரு சீரான சாம்பல் நிறப் பட்டை எல்லாத் தகடுகளிலும் முனையிலிருந்து முனைவரை தோன்ற வேண்டும். எங்காவது பட்டை விட்டுப்போயிருந்தால் அந்த இடம் பள்ளம். பேஸ்ட் அதை எட்டாது.

அந்த நிலைக்கும், கல் பட்ட வடுவுக்கும், ஒரு முனை சிறுத்து மறுமுனை பெருத்துக் கூம்பாகிவிட்ட உருளைக்கும் கிரைண்டிங் இயந்திரம்தான் வழி. ஒருபுறத் திருகை மட்டுமே பல மாதம் முடுக்கிக்கொண்டு வந்த புல்வெட்டியில் கூம்பு உருவாவது சாதாரணம். உருளையைக் கழற்றிச் சுழலவிட்டு, சுழலும் சாணைக்கல்லை அதன் நீளத்துக்கும் ஓட்டி, எல்லாத் தகடுகளையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை இது. தெருவில் கால்மிதிச் சக்கரத்தோடு வரும் சாணைக்காரர் கழற்றிக் கொடுத்த அடித்தகட்டை ஓரளவு தேய்த்துத் தருவார். சுருள் தகட்டை அவரிடம் கொடுப்பது அவருக்கும் தொல்லை, புல்வெட்டிக்கும் கேடு. கையில் பிடித்த அரத்தாலோ கல்லாலோ ஒவ்வொரு தகட்டையும் கத்தி போலச் சரித்துக் கூராக்கினால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் ஒரு தகடு ஓர் அளவிலும் இன்னொன்று வேறு அளவிலும் நிற்கும். உயரமான தகடு மட்டும் அடித்தகட்டைத் தொட, மற்ற நான்கும் சும்மா சுற்றும். மெல்லிதான கூர்முனையும் சில நாளில் மடிந்துவிடும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று கேட்பவருக்கு நாள்காட்டி உதவாது. கல்லில்லாத மண்ணில், ஈரமில்லாத புல்லில், சரியான இடைவெளியோடு ஓடும் வீட்டுப் புல்வெட்டி பேஸ்ட் தேய்ப்போடு பல வருடம் ஓடும். மணல்வாக்கான தரையில் தாழ்வாக வெட்டுகிறவருக்கு ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது தேய்ப்பு தேவைப்படும். தொடாமல் ஓடும் வகைகளை விற்கிறவர்கள் நெடுங்காலம் சாணையே வேண்டாம் என்பார்கள். உலோக உரசல் இல்லாததால் அதில் உண்மை உண்டு, ஆனால் கல்லுக்கும் மணலுக்கும் எந்தத் தகடும் விலக்கல்ல. அந்த வகையைத் தேய்க்கும்போது இடைவெளியை மூடித் தொடவைத்துத் தேய்த்துவிட்டு, மறுபடி திறக்க மறந்துவிடக் கூடாது.

சாணைக்கும் ஒரு முடிவு உண்டு. ஒவ்வொரு கிரைண்டிங்கும் உருளையின் விட்டத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. தகடு தேய்ந்து தேய்ந்து, அதைத் தாங்கும் வட்டக் கைகளின் விளிம்பை நெருங்கிவிட்டாலோ, திருகுகள் கடைசி வரை போய்விட்ட பிறகும் அடித்தகட்டை எட்டவில்லை என்றாலோ இனித் தேய்க்க எஃகு இல்லை. அடித்தகட்டின் முன்னுதடு தேய்ந்து அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை தரையில் உரசத் தொடங்கினால் அதையும் மாற்ற வேண்டியதுதான். அடித்தகடு விலை குறைவான பாகம். அதை மட்டும் தனியே வாங்கிப் பொருத்தலாம். புதிதாகப் பொருத்தியதும் ஒரு முறை பேஸ்ட் தேய்த்தால்தான் பழைய உருளையோடு அது சேரும்.